தோட்டத்தில் கத்திய நரி

இத்தாலியில், பலெர்மோ நகரை அடுத்த மொண்டெல்லோவில் புஸ்பவதி பேருந்தை விட்டு இறங்கியபோது மதியம் பன்னிரண்டு மணி. 2012 ஒக்டோபர் தொடக்கம், திங்கட்கிழமை. கடற்கரையில் கோடைக்குப் போட்ட மரக்குடில்களை ஆட்கள் கழற்றி லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, மலைப்பக்கம் ஏறும் தெருவில் நடந்தாள். இரண்டு பக்கமும் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகள். கோடை முடிந்தால் அங்கே ஆள் நடமாட்டம் இராது.

தெருவின் கடைசி வீட்டுக் கேற்றுக்கு முன்னால் ஒரு நரி குந்தியிருந்தது.

முல்லைத்தீவில் அவள் கண்ட நரிகள் மண் நிறமானவை. மனித வாடை பட்டதும் பற்றைக்குள் மறைந்துவிடும். இது செம்பு நிறம். வால் நுனி மட்டும் வெள்ளை. பட்டப்பகல் வெயிலில், யாரையோ எதிர்பார்த்திருப்பதுபோல இருந்தது. அவள் கிட்டப் போனதும் எழுந்து, கேற்றின் கம்பிகளுக்கிடையால் தோட்டத்துக்குள் நுழைந்தது. நாலு அடி போய் நின்று, திரும்பி அவளைப் பார்த்தது.

"சூ," என்றாள் புஸ்பவதி. மணியை அழுத்தினாள்.

இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவர் இராஜநாயகம். பலெர்மோவில் பல தமிழ்ச் சனங்களுக்கு வீட்டு வேலை தேடிக் கொடுத்த மனிதர். "முன்னம் நிண்ட பிள்ளை சொல்லாமக் கொள்ளாமப் போட்டுதாம், தங்கச்சி. கிழவி தனிய. மகன் வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து உன்ரை பேரிலை பேப்பர் எழுதித் தருவான். வாயைத் திறக்காம நாலு நாள் நிண்டு காட்டு," என்றிருந்தார்.

அந்த மாத நடுப்பகுதிக்குள் முதலாளி எழுதிக் கொடுத்தால், பத்திரம் இல்லாமல் வேலை செய்பவர்களுக்கும் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைக்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. புஸ்பவதி மகள் டிலக்ஷியைப் பார்த்து இரண்டரை வருடம். பிள்ளை அவளுடைய தமக்கையோடு முல்லைத்தீவில் இருந்தது. பெர்மெஸ்ஸோ இருந்தால் போய்வரலாம். பிறகு கூட்டிக்கொண்டும் வரலாம். நாலு நாள் என்ன, நாற்பது நாள் என்றாலும் வாயைத் திறக்க மாட்டாள்.

வீட்டுக்காரி சிஞோரா எர்சிலியாவுக்கு எண்பத்தொரு வயது. யன்னலோரம் சக்கர நாற்காலியில் இருந்தாள். எல்லா யன்னலும் அடைத்திருந்தது. தொலைக்காட்சி சுவர் அதிரக் கத்திக்கொண்டிருந்தது.

"உனக்கு முன்னால் இருந்தவள் நிறையப் பேசுவாள்," என்றாள் சிஞோரா. "நீ பேசுவாயா?"

"இல்லை, சிஞோரா."

"நல்லது."

புஸ்பவதிக்குக் கொடுத்த அறையில் தலையணை இன்னும் தேங்காய் எண்ணெய் மணத்தது. கட்டிலுக்கடியில் ஒரு சோடிச் செருப்பு. அலுமாரியில் மடித்த உடுப்புகள், அதற்கு மேல் ஒரு செபமாலை. சொல்லாமல் போகிறவள் செபமாலையையுமா விட்டுவிட்டுப் போவாள்? அவள் அதைத் தொடாமல் கதவைச் சாத்தினாள்.

அன்று பின்னேரம் மூன்று மணிக்கு முதல்முறையாக அந்தச் சத்தம் கேட்டது.

தோட்டத்தின் கோடியிலிருந்து வந்தது. நீளமாக, கிழிந்துபோய், மேலேறி அறுந்து விழுந்தது. புஸ்பவதி கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள்.

சிஞோரா திரும்பவில்லை. றிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியின் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"வோல்பே," என்றாள். "நரி. பெண்பிள்ளை மாதிரித்தான் கத்தும்."

புஸ்பவதி யன்னல் இடுக்கால் பார்த்தாள். தோட்டத்தின் கோடியில், எலுமிச்சை மரங்களுக்குப் பின்னால், நிலத்தோடு நிலமாக ஒரு பழைய தண்ணீர்த் தொட்டி. அதற்குக் கனத்த இரும்பு மூடி. மூடியின் மேல் அந்தச் செந்நரி நின்று இரண்டு முன்னங்கால்களாலும் பிறாண்டிக்கொண்டிருந்தது.

நரிதான். கண்ணாலேயே கண்டுவிட்டாள். மனம் ஆறியது.

அதன் பிறகு அவள் போகுமிடமெல்லாம் நரி வந்தது. செவ்வாய்க்கிழமை காலை குப்பை போடப் போனாள், தொட்டிகளுக்கிடையில் நின்றது. உடுப்புக் காயப்போட்டாள், விரித்த படுக்கை விரிப்புக்குக் கீழே நாலு செம்பு நிறக் கால்கள் தெரிந்தன. மத்தியானம் குசினிக் கதவைத் திறந்தபோது படியில் இருந்தது. அது வாயே திறக்கவில்லை. பார்த்தது. எழுந்து தோட்டத்துப் பக்கம் நாலு அடி போனது. திரும்பிப் பார்த்தது.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நரி அவளுக்கு முன்னால், வாயை மூடிக்கொண்டு நின்றது.

சத்தம் தோட்டத்துக் கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தது.

இன்னொரு நரியாக்கும், என்று கதவை அடித்துச் சாத்தினாள்.

புதன்கிழமை சத்தம் மெலிந்துவிட்டது. விட்டுவிட்டு வந்தது. ஒருமுறை, தொலைக்காட்சியில் கைதட்டல் ஓய்ந்த அந்த ஒரு நொடியில், அது "அக்கா" என்றதுபோல இருந்தது. புஸ்பவதி பாத்திரம் கழுவும் குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். தண்ணீர் இரைந்தது. நாளைக்கு வியாழன். நாளைக்கு நாலு மணி. அதுவரைக்கும் அவளுக்குக் காது இல்லை.

நரி குசினிப் படியில் நின்றது. அவளுடைய பாவாடைத் தொங்கலைக் கவ்வி இழுத்தது. கெஞ்சுகிற இழுவை அது. அவள் காலை உதறினாள். அது விடவில்லை. பூச்சாடிக்கு அண்டைகொடுத்திருந்த கல்லை எடுத்து, வீசினாள்.

பின்னங்காலில் பட்டது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது.

நரி கத்தவில்லை. அந்தக் கணமே தோட்டத்தின் கோடியிலிருந்து ஒரு அலறல் கிளம்பியது.

வியாழக்கிழமை வீடு அமைதியாக இருந்தது. சிஞோரா தானாகவே தொலைக்காட்சியை நிறுத்தினாள். "இன்றைக்கு நரி இல்லை," என்றாள். முகத்தில் ஒரு சந்தோசம். இரண்டு மணிக்குச் சக்கர நாற்காலியிலேயே கண்ணயர்ந்தாள்.

மூன்று மணியளவில் காய்ந்த உடுப்பு எடுக்கப் போன புஸ்பவதியின் கால்கள் தாமாகவே எலுமிச்சை மரங்களைத் தாண்டின. இரும்பு மூடிக்கு ஒரு தாழ்ப்பாள் இருந்தது. வெளிப்பக்கமாக இழுத்துப் போட்டிருந்தது. நரி எங்கும் இல்லை.

அவள் தாழ்ப்பாளை நீக்கி மூடியைத் தூக்கினாள்.

முதலில் அழுகிய தண்ணீரின் மணம். அதற்குள் தேங்காய் எண்ணெய் மணம்.

இரண்டு ஆள் ஆழத்தில், முழங்கால் தண்ணீரில், ஒரு பெண் சுவரோடு சாய்ந்திருந்தாள். முப்பது வயதிருக்கும். விரல் நுனிகள் எல்லாம் சதையாகக் கிழிந்திருந்தன. ஒரு கால் தண்ணீருக்கு மேலே, கல் விளிம்பில் கிடந்தது. அதன் எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தது. அந்தக் காயத்துக்குள் பூச்சாடிச் சிவப்பு மண் ஒட்டியிருந்தது.

பெண் கண்ணைத் திறந்தாள்.

"அக்கா."

புஸ்பவதி விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"நான் மரியமலர்… எத்தினை தரம் வந்து கூப்பிட்டனான்… ஏன் கல்லாலை எறிஞ்சனீங்கள்?"

"பொறு, பிள்ளை. ஏணி எடுத்துக்கொண்டு வாறன். பொறு."

திரும்பினாள். பின்னால் சிஞோரா நின்றிருந்தாள். நாற்காலி இல்லை. கையில் ஒரு பொல்லு மட்டும்.

"நடப்பேன்," என்றாள் சிஞோரா. "தேவைப்பட்டால். என்னை விட்டுப் போகப் போகிறேன் என்றாள். கடைசியாக ஒரு வாளி தண்ணீர் எடுத்துத் தா என்றேன். குனிந்தாள். பார், போகவில்லை."

"சிஞோரா, இவ உயிரோட இருக்கிறா! பொலிசுக்கு—"

"கூப்பிடு. நாலு நாள் நீயும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று நானும் சொல்கிறேன். உன்னிடம் பத்திரம் இல்லை. என்னிடம் வயது இருக்கிறது." வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். "என் மகன் ருஜ்ஜேரோ நாலு மணிக்குப் பத்திரத்தோடு வருகிறான். இது திறந்திருந்தால் அவன் கையெழுத்து வைக்கமாட்டான். மூடு."

புஸ்பவதி நின்றாள். மலையிலிருந்து காற்று இறங்கியது. டிலக்ஷியின் முகம் வந்தது. ஒரு மணித்தியாலம்தானே, என்று நினைத்தாள். இத்தனை நாள் கிடந்தவள் இன்னும் ஒரு மணித்தியாலம் கிடப்பாள். கையெழுத்து விழட்டும். பிறகு ஏணியோடு ஓடி வருவேன்.

தொட்டியின் விளிம்பில் குனிந்தாள்.

"ஒரு மணித்தியாலம், பிள்ளை. சத்தம் போடாதை. நான் கட்டாயம் வாறன்."

"மூடாதேங்கோ, அக்கா. இருட்டு. அக்கா, மூடாதேங்கோ—"

மூடினாள்.

தாழ்ப்பாளையும் போட்டாள். அதை ஏன் போட்டாள் என்று பிறகு எத்தனையோ நாள் யோசித்திருக்கிறாள்.

ருஜ்ஜேரோ நேரத்துக்கு வந்தான். குசினி மேசையில் பத்திரங்களைப் பரப்பினான். சிஞோரா நாற்காலியில், கால்களுக்கு மேல் போர்வையோடு இருந்தாள். அவன் பேனாவைத் திறந்த நேரம் பார்த்து அந்தச் சத்தம் கிளம்பியது. நாலு நாளிலும் கேட்காத அளவுக்குப் பெலமாக.

பேனா காகிதத்துக்கு மேலே நின்றது.

"என்ன அது?"

சிஞோரா நாற்காலியில் தலையைத் திருப்பினாள். புஸ்பவதியைப் பார்த்தாள். மெல்லச் சிரித்தாள். அந்த ஒரு சொல்லை அவளுக்காக விட்டு வைத்தாள்.

"வோல்பே," என்றாள் புஸ்பவதி. "நரி."

அவன் கையெழுத்து வைத்தான்.

அவனுடைய கார் தெருமுனை திரும்பியபோது ஐந்தரை. புஸ்பவதி ஏணியை இழுத்துக்கொண்டு ஓடினாள். மூடியைத் தூக்கினாள். மரியமலர் முகம் கவிழ்ந்து தண்ணீரில் கிடந்தாள். அவளுடைய கூந்தல் தண்ணீரில் விரிந்து மிதந்தது. பின்னேர வெயில் பட்டு அது செம்பு நிறமாக இருந்தது.

புஸ்பவதி அந்த மூடியை இரண்டாம் தரமும் மூடினாள்.

சொல்லாமல் போன ஒருத்தியை யாரும் தேடவில்லை. பத்திரம் இல்லாதவளைத் தேட எந்தக் கந்தோரிலும் அவளுடைய பேர் இருக்கவில்லை. சிஞோரா அந்தப் பனிக்காலத்திலேயே நித்திரையில் செத்துப்போனாள். வீடு பூட்டப்பட்டது. அடுத்த ஆனி மாதம் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோரில் விரல் அடையாளம் எடுத்து, புஸ்பவதியின் கையில் பெர்மெஸ்ஸோவைக் கொடுத்தார்கள். பலெர்மோவின் கால்சாப் பகுதியில், மூன்றாம் மாடியில், ஒரு அறை எடுத்தாள். ஊருக்குப் போக ஆவணிக்கு ரிக்கற்றும் போட்டாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் முல்லைத்தீவுக்குப் போன் எடுத்தாள். அங்கே பின்னேரம் நாலரை. கீழே தெருவில் மீன்காரர் கூவிக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, எனக்குச் சப்பாத்து வாங்கினீங்களோ?" டிலக்ஷியின் குரல் பூரித்திருந்தது.

"ஓமடி குஞ்சு. சிவப்புத்தான்."

"அம்மா… ஒரு நிமிசம். கிணத்தடியிலை ஆரோ கூப்பிடினம்."

"ஆர்?"

"தெரியேல்லை. ஒரு அக்கா. என்ரை பேர் சொல்லித்தான் கூப்பிடுறா. கிணத்துக்குள்ளை விழுந்திட்டாவோ தெரியேல்லை, அம்மா. ஐயோ, பாவம். நான் எட்டிப் பாத்திட்டு ஓடி வாறன்."

"டிலக்ஷி, போகாதை!"

போன் எதன் மேலோ வைக்கப்பட்டது. சின்னக் கால்கள் ஓடும் சத்தம் தேய்ந்தது.

புஸ்பவதி கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். மகளின் பேரைச் சொன்னாள், தமக்கையின் பேரைச் சொன்னாள், பிள்ளையைப் பிடி, பிள்ளையைப் பிடி என்று அலறினாள். கீழே மீன்காரர்கள் வாயை மூடிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

அங்கே யாரோ போனைக் கையில் எடுத்தார்கள். தமக்கையின் மூச்சு கேட்டது.

"ஹலோ? ஆர் கதைக்கிறது? புஸ்பமோ?"

"அக்கா! பிள்ளை கிணத்தடிக்கு—"

"ஹலோ?" தமக்கை போனைக் காதிலிருந்து விலக்கி, பக்கத்தில் நின்ற யாருக்கோ சொன்னாள். "லைன் சரியில்லைப் போலை. ஒண்டும் விளங்கேல்லை. நரி ஊளையிடுற மாதிரிக் கிடக்கு."

போனை வைத்துவிட்டாள்.