ஸீரோ என்று சொன்ன குரல்

காலை பதினோரு மணிக்கு நானும் மாப்பிள்ளையும் கொதிகலன் கூடத்துக்குள் நுழைந்தோம். மாப்பிள்ளை என்றால் என் தங்கச்சி புருஷன். இந்த வேலையில் அவனைச் சேர்த்துவிட்டதே நான்தான். தங்கச்சிக்கு இது எட்டாவது மாதம். நீராவிக் குழாயின் அழுத்தத்தை அளந்து கன்ட்ரோல் ரூமுக்கு அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டர் கெட்டுப்போயிருந்தது. அதைக் கழற்றிப் புதிதை மாட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அது இருந்த உயரமான மேடைக்கு ஏற எனக்குக் கால் வரவில்லை. முழங்கால் வலி என்று புளுகினேன். மச்சானுக்கு வயசாயிடுச்சு என்று கிண்டலடித்தபடி அவன் ஏணியில் ஏறினான். நான் கீழே ட்ரான்ஸ்மிட்டரின் வயர் வந்து சேரும் பெட்டியைத் திறந்து, மின்சாரம் நின்றிருப்பதைச் சோதித்துவிட்டு, வயரைக் கழற்ற ஆரம்பித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மேடையில்தான் நெட்டை என்று நாங்கள் கூப்பிட்ட ஃபிட்டர் ஆவியில் வெந்து செத்தான். வால்வை மூடினாலும் குழாய்க்குள் சிக்கிய ஆவி அப்படியே நிற்கும். பக்கத்திலிருக்கும் சின்ன வென்ட் வால்வைத் திறந்து அதை வெளியேற்றாமல் நட்டில் கை வைக்கக் கூடாது. நெட்டை அசட்டையாக இருந்துவிட்டான் என்று விசாரணையில் எழுதினார்கள்.

நடந்தது வேறு. அன்றைக்குக் கன்ட்ரோல் ரூமில் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவன் நான். அழுத்தம் எவ்வளவு என்று அவன் மேடையிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்டான். நான் பக்கத்துக் கொதிகலனின் எண்ணைப் பார்த்துவிட்டு, ஸீரோதான், கழட்டு என்றேன். விசாரணையில் வாயே திறக்கவில்லை, பாவி.

பெட்டிக்குள் வயர் வழுக்கியது. ஈரப் பஞ்சு கருகும் வாடை வந்தது. கூடத்தின் இரைச்சல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கிக்கொண்டே போனது.

இடுப்பிலிருந்த வாக்கி கரகரத்தது.

"ஸீரோதான், கழட்டு."

என் குரல்.

என் வாய் மூடியிருந்தது.

ஏணியை எப்படி ஏறினேன் என்று இன்றைக்கும் தெரியாது. மாப்பிள்ளை நட்டில் ஸ்பேனரை மாட்டிக் கால் சுற்று திருப்பியிருந்தான். கையைத் தட்டிவிட்டேன். நீதான சொன்ன மச்சான் என்று முறைத்தான். அவனைப் பின்னால் தள்ளி, நானும் ஒதுங்கி நின்று, வென்ட் வால்வை மெல்லத் திருகினேன்.

ஆவி அலறிக்கொண்டு பாய்ந்தது. ஓய வெகுநேரம் பிடித்தது. மாப்பிள்ளைக்கு முகத்தில் ரத்தமே இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்குப் போடா. அவகிட்ட எதுவும் சொல்லாத" என்று அவனுடைய வாக்கியை வாங்கிக்கொண்டு கீழே அனுப்பினேன். பிறகு இரண்டு வாக்கியிலிருந்தும் பேட்டரியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

மேடையில் நான் மட்டும்தான்.

என் கையிலிருந்த வாக்கி மறுபடியும் கரகரத்தது.

"அண்ணே."

நெட்டை.

மன்னிச்சிடுடா என்றேன். நாளைக்கே எல்லார்கிட்டயும் சொல்லிடறேன் என்றேன்.

கோபமே இல்லாமல், தெரியாமல் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

"இவருக்கு மட்டும் ஓடி வந்தீங்களேண்ணே?"