சம்பளம் போடாத யோசனை

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் என் முதல் வேலை, முந்தைய இரவு யார் யார் எங்கே இருந்தபடி வேலையைப் பற்றி நினைத்தார்கள் என்று பார்ப்பது. திருப்பூரில் எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் எல்லோருடைய காதுக்குப் பின்னாலும் மிளகளவில் ஒரு நினைப்பளவி ஒட்டியிருக்கும். குளிக்கும்போது நூலைப் பற்றி யோசித்தால் அது லேசாக அதிரும். அப்போதே வங்கிக் கணக்கில் சம்பளம் ஏறிவிடும். எங்கள் தையல் பிரிவு மேற்பார்வையாளருக்குத் தாலி கட்டும் நேரத்தில் சம்பளம் ஏறியது. ஓவர்லாக் மெஷினை நினைத்தாராம். அவர் மனைவி இன்றுவரை அதைச் சொல்லிக்காட்டுகிறார்.

சிரிப்புத்தான். ஆனால் நினைப்பூதியச் சட்டம் வருவதற்கு முன்பெல்லாம் ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவர்கள் மூளையை மட்டும் ஓசியில் வைத்துக்கொண்டிருந்தார்களாம். இப்போது அந்தப் பருப்பு வேகாது. சட்டம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கும் அதிகாரி நான், கோமளவல்லி. என் வேலையில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

அந்தக் கர்வத்துக்கு ஆயுத பூஜையன்று ஆப்பு விழுந்தது. அன்று எந்தக் கருவியையும் ஓட்டாமல் ஓய்வு கொடுப்பது எங்கள் வழக்கம். பின்னல் மெஷின்களுக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டே வந்தவர்கள், எல்லா நினைப்பளவிகளையும் இயக்கிச் சம்பளம் போடும் சம்பளப்பொறிக்கும் வைத்தார்கள். முதலாளி சென்னியப்பன் கற்பூரம் காட்டிவிட்டு, மற்ற மெஷின்களை அணைத்த கையோடு அதையும் அணைத்துவிட்டார். சட்டப்படி அது ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. பொரியும் சுண்டலும் கைக்கு வந்த மகிழ்ச்சியில் யாருக்கும் அது உறைக்கவில்லை, எனக்கும்தான்.

மறுநாள் காலை நான் உட்காருவதற்குள் சாய ஆராய்ச்சிப் பிரிவு நிறைமதி ஓடி வந்தாள். கையில் ஒரு வெள்ளைத் துணி. பேசக்கூட நிற்காமல் அதை ஜன்னல் வெயிலில் விரித்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணி சிவந்தது. தண்ணீர் இல்லை, சாயத் தொட்டி இல்லை, கழிவும் இல்லை. இந்த ஊர் காலங்காலமாகத் தவம் கிடந்த விஷயம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

நேற்று வீட்டில் பொரி தின்றுகொண்டிருந்தபோது தோன்றியது, ராத்திரியே செய்து பார்த்துவிட்டேன் என்றாள். அப்போதுதான் கவனித்தேன். இத்தனை பேசியும் இருவருடைய நினைப்பளவியும் அதிரவே இல்லை. திரும்பிப் பார்த்தால் சம்பளப்பொறி பொட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டு வந்த சென்னியப்பன் துணியைப் பார்த்துக் குதித்தார். பொறியைப் பார்த்ததும் வெளிறிப்போனார். "அம்மிணி, மொதல்ல அந்தப் புள்ளைக்கு நேத்தைக்குச் சம்பளத்தப் போட்டு உடு" என்றார்.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. சட்டத்தின் மறுபக்கம் அது: சம்பளம் கொடுத்த நினைப்பு கொடுத்தவருக்குச் சொந்தம். விட்டுப்போன சம்பளத்தை மறுநாள் போடலாம்; ஆனால் 'அது வேலைதான்' என்று நினைத்தவர் ஒப்புக்கொள்ள வேண்டும். அதைக் கேட்க வேண்டியது நான். நிறைமதியிடம் கேட்டேன்.

"ஏனுங்கக்கா, வாங்கீட்டா இது எம்படது இல்லீங்களா?"

"இல்ல கண்ணு. கம்பெனியோடது ஆயிரும்."

அவள் துணியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "இத்தன வருசத்துல நான் நெனச்சது ஒண்ணுகூட எம்படது இல்லீங்க. எம்பொண்ணைத் தூங்க வெக்கப் பாடுனதக்கூட, நூலப் பத்தின பாட்டுன்னு கம்பெனி எடுத்துக்கிச்சு. இது எனக்கு வேணுமுங்க."

அவள் கேட்டது நியாயம்தான். ஆனாலும் முழுவதையும் சொல்வதுதானே என் கடமை? பொறியை இனியும் அணைத்து வைக்க முடியாது. அது ஓடத் தொடங்கினால், இந்தத் துணியை மேம்படுத்த அவள் யோசிக்கும் ஒவ்வொன்றுக்கும் சம்பளம் ஏறும். ஏறியது எல்லாம் கம்பெனிக்குப் போகும். ஒன்று, இதை அவள் மறந்துவிட வேண்டும். இல்லையென்றால் வேலையை விட வேண்டும்.

நிறைமதி யோசிக்கவே இல்லை. காதுக்குப் பின்னால் கையை விட்டு, நினைப்பளவியைப் பிய்த்து என் மேசைமேல் வைத்தாள். அதைக் கழற்றினால் ராஜினாமா என்றுதான் சட்டம். சென்னியப்பன் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப இனி நாந்தேன் உங்கூட்டுக்கு வந்து கேக்கோணும்" என்றார். வருத்தப்பட்டாரா, சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. விதிப்படி நான் பொறியை இயக்கினேன்.

அவள் கால் தரையில் பாவவில்லை. கண்ணெல்லாம் ஒளி. "கோமளாக்கா, இப்பவே இன்னொண்ணு தோணுதுங்க. இதே நூல்ல..." என்று என் கையைப் பிடித்தாள்.

எனக்கு அதைக் கேட்க எவ்வளவு ஆசையாக இருந்தது! அவள் முகம் பூரித்திருந்ததைப் பார்த்து நானும் ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து அந்த நூலைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன். சட்டென்று என் காதுக்குப் பின்னால் அதிர்ந்தது. நான் அவள் வாயைப் பொத்தினேன்.

"எங்கிட்டச் சொல்லாத கண்ணு. நான் இன்னும் வேலைலதான் இருக்கேன்."