மண் எடுத்த குழி

தவிடு போட்டு வெகுநேரமாகியும் ஒரு கெண்டைகூட மேலே வரவில்லை. வழக்கமாக இருதயம்மாளின் கால்சத்தம் கேட்டாலே கரையோரம் வாயைத் திறந்துகொண்டு மொய்க்கிற கூட்டம் அது. இன்று தவிடு தண்ணீரில் ஊறி, பழுப்பாய்ப் பரந்து, கேட்பாரில்லாமல் அடியில் இறங்கியது. அவள் கைக்குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு இன்னொரு பிடி போட்டாள். நின்ற நிலையிலேயே கண் சொக்கியது. நாற்பது நாளாகச் சேர்ந்தாற்போல் ஒரு நாழிகை தூங்காதவளுக்கு மீன்கள் கோபித்துக்கொண்டால் என்ன, போகிறது என்று திரும்பினாள்.

திரும்பும்போதுதான் ஆமை கண்ணில் பட்டது. குழியை விட்டு ஏறி, முருங்கை மரத்தையும் தாண்டி, வேலி முள்ளுக்குள் தலையை நுழைத்து முண்டிக்கொண்டிருந்தது. மூன்று வருசமாக அந்தத் தண்ணீரை விட்டு நாலு முழம் நகராத ஆமை.

அனுமந்தன்பட்டியில் கொல்லைக்குக் கொல்லை இப்படிக் குழி உண்டு. சுவர் வைக்க மண் எடுத்த குழி. மழைக்கு நிறையும், கோடையில் குப்பை கொட்டுவார்கள். இருதயம்மாள் வீட்டுக் குழியில் மட்டும் வருசம் முழுக்கத் தண்ணீர் நின்றது. அவள் புருசன் மிக்கேல் வாய்க்காலிலிருந்து கால் வெட்டிவிட்டிருந்தான். கெண்டையும் விராலும் அவன் கொண்டுவந்து விட்டவை. தவளையும் ஆமையும் நீர்க்கோழியும் கூப்பிடாமலே வந்து குடியேறின. இறைச்சி விலக்கும் வெள்ளிக்கிழமைகளில் ஊரே மீனுக்கு அலையும். அப்போதும் அவள் அதில் தூண்டில் போட விட்டதில்லை. கேட்டால், "வளக்குறதத் திங்க மனசு வரல" என்பாள். அது பாதி உண்மை.

மீதிப் பாதி குழிக்கு அடியில் கிடந்தது. தலைப்பிள்ளை பிறந்து, ஒரே ஒரு முறை அழுது, அடங்கிவிட்டது. ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறையில் இடமில்லை என்று கோயில் உபதேசியார் சொல்லிவிட்டார். அவரை நொந்து என்ன செய்ய, முறை அப்படி. மிக்கேல் பிள்ளையைத் துணியில் சுற்றிக் கொல்லைக்கு எடுத்துப்போனான். அந்த வாரம் வெட்டிய குழி ஈரம் காயாமல் இருந்தது. அதன் அடியில் வைத்து மூடி, நாய் நரி தோண்டிவிடாமல் தண்ணீரைத் திறந்துவிட்டான். பிறகுதான் மீன். பேர்கூட வைக்காத பிள்ளை. கூப்பிட்டு அழ ஒரு பேர் இல்லாததால் இருதயம்மாள் தினமும் தவிடு போட்டாள்.

இப்போது மிக்கேல் மலைமேல் அணை வேலையில் கல் சுமக்கிறான். அங்கே கூலிக்காரர்களுக்குப் பூசை வைக்கப் போன சாமியார் காய்ச்சலில் படுத்துவிட்டதாகச் சேதி. அதனால் இந்த இரண்டாவது பிள்ளைக்கும் ஞானஸ்நானம் தள்ளிக்கொண்டே போனது.

முந்தாநாள் மத்தியானம், கொல்லையில் வைத்துத்தான் அதற்கு ஜன்னி கண்டது. கையிலேயே விறைத்து, கண் செருகி, உதடு நீலம் பாரித்தது. இதுவும் போனால் இதை எங்கே புதைப்பது? அவளுக்கு முதலில் தோன்றியது அதுதான். ஆபத்தில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று உபதேசியார் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். குடத்தில் தண்ணீர் இல்லை. குழி காலடியில் இருந்தது. கரையில் மண்டியிட்டு, "மரிய ஜோசப்பே" என்று பேரைச் சொல்லி, பிதா சுதன் இஸ்பிரீத்து சாந்து நாமத்தினாலே மூன்று கை தண்ணீர் தலையில் வார்த்தாள். பிள்ளைக்கு மூச்சு வந்தது. ஆனால் அதன் பிறகு அது அழவே இல்லை.

வெயில் சாய்கிற நேரத்தில் மிக்கேலின் அக்கா இன்னாசியம்மாள் பூண்டுக் கஞ்சியோடு வந்தாள். பிள்ளையை வாங்கித் தூக்கிப் பார்த்தவள் முகம் சுருங்கியது.

"என்னத்தா, பஞ்சு கணக்கா இருக்கான்? பால் குடிக்கிறானா?"

"வாய வைக்கிறான் மதினி, இழுக்க மாட்டேங்குறான். எனக்கும் சுரப்பு நின்னு போச்சு."

"பேரச் சொல்லிப் பேச்சுக் குடு, முகம் பாப்பான். ஏலே, மரிய ஜோசப்பு!"

பிள்ளை கூரையைப் பார்த்தபடி கிடந்தது. கொல்லையில் தண்ணீர் தொளக்கென்றது.

இன்னாசியம்மாள் கொல்லைப் பக்கம் பார்த்தாள். தம்பி எதை எங்கே வைத்தான் என்று அவளுக்குத் தெரியும். "ஞானஸ்நானத் தண்ணிய கால்படாத எடத்துல, செவுத்தோரமா விடணும்னு உபதேசியாரு சொன்னாகள்ல? நீ எங்கன விட்ட?"

இருதயம்மாள் யோசித்தாள். அவள் எங்கும் விடவில்லை. பிள்ளையின் தலை குழிக்கு நேர் மேலே இருந்தது. வார்த்த மூன்று கையும் பேரோடு சேர்ந்து உள்ளேதான் விழுந்தது.

"அங்கனயேதான் மதினி."

இன்னாசியம்மாள் சிலுவை போட்டுக்கொண்டாள். "ஒரு பேரு, ரெண்டு பிள்ளை," என்றாள் மெதுவாக. "நான் போயி உபதேசியாரக் கூட்டியாரேன். அதுவரைக்கும் அந்தப் பேர மட்டும் சொல்லீராத, ஆத்தா."

அவள் போனதும் மேற்கு மலையிலிருந்து சாரல் இறங்கியது. இருதயம்மாள் கொல்லைக் கதவைச் சாத்தி, பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். ஓலை முனையிலிருந்து ஒழுகும் தண்ணீர் மண்ணில் விழும் சத்தமும், ஈரச் சாணியின் வாடையும், பிள்ளையின் தலையில் இரண்டு நாளாகப் போகாத பாசி நாற்றமும் ஒன்றாகச் சேர்ந்து அவளை அமுக்கின. மழைக்குக் கத்த வேண்டிய தவளை ஒன்றுகூடக் கத்தவில்லை என்பது அரைகுறையாக மனதில் பட்டது. பயம் இருந்தது. பயத்தைவிட அசதி பெரிதாக இருந்தது. கை தன்பாட்டில் பிள்ளையைத் தட்டியது. வாயும் தன்பாட்டில் ஓடியது.

"தூங்கு சாமி... தூங்கு என் ராசா... மரிய ஜோசப்பு..."

சொன்ன பிறகுதான் விழித்தாள்.

கொல்லைக் கதவுக்கடியில் ஏதோ அடித்துக்கொண்டது. ஈரமாக, தட், தட்டென்று. இடுக்கு வழியே பார்த்தாள். விரால்கள். சேற்றில் நெளிந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, வேலியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தன. கெண்டைகள் கரையில் துள்ளிச் செத்துக்கொண்டிருந்தன. குழியில் ஒன்றுமே மிச்சமில்லை. தண்ணீர் மட்டும் நடுவில் சுழித்தது.

அவள் பின்வாங்கினாள். கதவு சாத்தியபடிதான் இருந்தது.

பாசி நாற்றம் இப்போது வீட்டுக்குள். பிள்ளையின் தலையிலிருந்து அல்ல. பின்னாலிருந்து.

உத்தரம் முனகியது.

சேலைத் தொட்டில். காலையிலிருந்து வெறுமையாகத் தொங்கியது. இப்போது கனத்தது. தரையைத் தொடும் அளவுக்குத் தொய்ந்து, மெல்ல ஆடியது. சொட்டு. சொட்டு. சாணி மெழுகிய தரையில் சேற்றுத் தண்ணீர்.

உள்ளிருந்து ஓர் அழுகை. பசித்த அழுகை. மூன்று வருசத்துக்கு முன் ஒரே முறை கேட்டது.

அவள் மார் இரண்டும் விண்ணென்று சுரந்தன. பால் சேலையை நனைத்து வயிற்றில் வழிந்தது. கையிலிருந்த பிள்ளைக்கு அவசரமாக ஊட்டப் பார்த்தாள். அது உதட்டைத் திறக்கவில்லை. அழுகை விடவில்லை. தொட்டில் விளிம்பில் விரல்கள். சின்னவை. மண் நிறம்.

எத்தனை நேரம் நின்றாள் என்று அவளுக்குத் தெரியாது. கை பிள்ளையைப் பாயில் கிடத்தியது. கால் தொட்டிலை நோக்கி நடந்தது.

வாசலில் இன்னாசியம்மாளின் குரல், உபதேசியாரின் செருமல். "இருதயம்! புள்ள அழுத சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேட்டுச்சே! குடிக்கிறானா?"

"குடிக்கிறான் மதினி," என்றாள் இருதயம்மாள். குரல் அவளுடையதாகவே இல்லை. மார் வலித்தது, அவ்வளவு பலமாக இழுத்தது. மடியில் சேறு ஊறிக்கொண்டிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை. எதிரே பாயில் கிடந்த பிள்ளையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் திறந்த கண்ணின் மேல் ஓர் ஈ உட்கார்ந்திருந்தது.