சுண்ணாம்புச் சுவர்

வடபிரான்சின் பிக்கார்தி கிராமம் ஒன்றில் ரொட்டிக் கடை திறந்திருந்தது. அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டிகள் கூடையில் சூடாக இருந்தன. விற்கத்தான் ஆள் இல்லை. ஒதீல் இரண்டு முறை குரல் கொடுத்துப் பார்த்தாள். பின்கட்டில் மூடாமல் விட்ட குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“பிக்கார்தி ஜனங்க,” என்றான் அவள் புருஷன் கயெத்தான், ஒரு ரொட்டியை எடுத்துப் பிய்த்தபடி. “தூங்கத்தான் தெரியும் இதுங்களுக்கு.”

காலையிலிருந்தே இப்படித்தான். லான் நகரத்து மலைமேல் நின்ற பேராலயத்தை மாட்டுத் தொழுவம் என்றான். வழியில் பார்த்த மணிக்கூண்டைப் புகைபோக்கி என்றான். பாரீசில் சரித்திர வாத்தியார். கல்லானாலும் மனுஷனானாலும் மதிப்பெண் போட்டே தீருவான். இருபத்தாறு வருஷமாக ஒதீல் அவனுக்குப் போட்டுவரும் மதிப்பெண் பூஜ்யத்துக்கும் கீழே. அது அவனுக்குத் தெரியாது.

அடுத்த ஊரிலும் யாரும் இல்லை. காப்பிக்கடை வாசலில் கோப்பைகளிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது; நாற்காலிக் காலில் கட்டியிருந்த நாய் அவர்களைப் பார்க்காமல் தெருக்கோடியையே பார்த்து நடுங்கியது. பீட்ரூட் வயல்கள்மேல் மூடுபனி இறங்கி, பகல் இரண்டு மணி வெளிச்சம் திரிந்த பாலாய் வெளுத்தது. வண்டிக்குள் ஈரச் சுண்ணாம்பு வாடை.

“திரும்பிடலாம்,” என்றாள்.

“இந்த மண்ணாங்கட்டிகளுக்கா பயம்? ஓட்டு.”

மூன்றாவது ஊரில் எல்லோரும் இருந்தார்கள்.

தேவாலயத்தின் வடக்குச் சுவரை ஒட்டி, வரிசையாக. மாவு படிந்த ஏப்ரன் கட்டியவர்கள், தபால்காரி, பள்ளிப் பையோடு பிள்ளைகள். அத்தனை பேரும் வெள்ளைக் கல்லில் முகம் பதித்து நின்றார்கள். எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்தார்கள். சேர்ந்தே வெளியே விட்டார்கள்.

“பாத்தியா, ஏதோ பழைய வேண்டுதல். இந்தக் காலத்துல.” கயெத்தான் இறங்கினான்.

“சும்மா இருக்க மாட்டியா நீ? ஏறு வண்டியில.”

கேட்கவில்லை. கடைசியில் நின்ற கிழவரின் தோளைத் தட்டினான். “என்ன பெரியவரே, உள்ள ஏதாவது தெரியுதா?”

கிழவர் முகத்தைத் திருப்பாமலே ஓரடி நகர்ந்தார். அவர் நின்ற இடத்தில், கல்லில் ஒரு முகக்குழி. கயெத்தான் சிரித்துக்கொண்டே குனிந்தான்.

சிரிப்பு பாதியில் நின்றது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஒதீல் முதல் கியரைப் போட்டாள். போய்விடலாம். எத்தனை வருஷம் ஏங்கிய விடுதலை.

“கயெத்தான்.”

அவன் முதுகு மற்றவர்களோடு சேர்ந்து எழுந்தது. தாழ்ந்தது.

சாவதற்குக்கூட இவனுக்கு ஆள் துணை வேண்டும். அந்த எரிச்சல்தான் அவளை இறக்கிவிட்டது. சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு முறை இழுத்தாள்.

ஓரடி நகர்ந்தான். திரும்பவில்லை.

அவனுக்கும் கிழவருக்கும் நடுவே ஒரு குழி. காலியாக. அவள் உயரத்தில். அவள் மூக்கின் கோணல். அவள் முகவாய்ப் பள்ளம்.

ஈரம். வெதுவெதுப்பு.

கல் மூச்சிழுத்தது. அவள் நெற்றி மயிர் சுவரை நோக்கிச் சாய்ந்தது.