சுவரில் சிவப்பு வரவில்லை

காலை ஏழே முக்கால். மருத்துவமனையின் மருந்தாளர் குளிர் அறைக் கதவைத் திறந்தார். முகத்தில் குளிர் அடிக்கவில்லை. அப்போதுதான் யாரோ வெந்நீரில் குளித்துவிட்டுப் போன குளியலறை மாதிரி வெதுவெதுவென்று காற்று வந்தது. இன்சுலின், குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து, எல்லாம் பெட்டிகளில் அடுக்கியபடியே இருந்தன, ஒன்றுக்கும் உதவாமல். ஊசி போடக் குழந்தைகளோடு வந்திருந்த தாய்மார்களைத் திருப்பி அனுப்பும் வேலையும் அவர் தலையில்தான் விழுந்தது.

அவர் போட்ட சத்தம் மாடியில் கட்டுப்பாட்டு அறையில் தனியாக இருந்த போர்டம்மாவுக்குக் கேட்டது.

போர்டம்மா என்பது ஊழியர்கள் வைத்த பெயர். மருத்துவமனையின் தகவல்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து டேஷ்போர்டு அமைப்பதும், கட்டுப்பாட்டு அறைச் சுவரில் உள்ள பெரிய திரையில் அதை ஓடவிடுவதும் அவள் வேலை. படுக்கைகளுக்கு ஒரு பக்கம், குளிர் அறைக்கு ஒரு பக்கம், ஆக்சிஜன், மின்சாரம், ஆம்புலன்ஸ் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். ஒன்று போய் ஒன்று வரும். பச்சை என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனி, சிவப்பு என்றால் ஓடு. இந்தத் திரை வந்த பிறகு, குளிர் அறை வாசலில் காது கிழிய அலறிக்கொண்டிருந்த மணியைக் கழற்றிவிட்டார்கள். எல்லாருக்கும் பெரிய நிம்மதி.

சத்தம் கேட்டதும் போர்டம்மா பக்கங்களின் பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்கு அருகிலும் ஒரு சின்னக் கண் படம் உண்டு. தட்டினால் கண் மூடிக்கொள்ளும், அந்தப் பக்கம் சுவரில் வராது. குளிர் அறைப் பக்கத்தின் கண் மூடியிருந்தது.

நேற்று மாலை பக்கங்களை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தவள் அவள்தான். ஐந்து மணி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் கை எங்கெங்கோ பட்டது. இதிலும் பட்டிருக்கும், வேறென்ன? யோசிக்காமல் தட்டித் திறந்துவிட்டாள்.

மருந்தாளரும் நர்சுகளும் திமுதிமுவென்று கட்டுப்பாட்டு அறைக்குள் நுழைந்தபோது, சுவரில் ஆம்புலன்ஸ் பக்கம் போய், கடைசியாகக் குளிர் அறை வந்தது. முழுக்கச் சிவப்பு.

அரை மணி கழித்து வீட்டிலிருந்து ஓடிவந்த மேலாளர் சுவரையே சற்று நேரம் பார்த்தார். பிறகு வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

"இவ்ளோ பெருசா சிவப்பு எரியுது! ராத்திரி டூட்டி ஆபரேட்டர் என்ன பண்ணாரு? குறட்டை விட்டாரா?"

ஆபரேட்டர் வேறு யாருமில்லை, போர்டம்மாவின் அக்கா கணவர்.

"சார், சத்தியமா சொல்றேன். சுவர்ல சிவப்பு வரவேயில்ல" என்றார் அத்தான். சொல்லிவிட்டு, நீயாவது சொல்லேன் என்பது போல் அவளைத்தான் பார்த்தார்.

அவள் தரையைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார், தன் பிழைப்பு போய்விடும். மேலாளர் போலீசுக்குப் போன் போட்டார்.

காலை பத்து மணி. வந்த பெண் ஆய்வாளருக்கு முழங்கால் வலி. அறையிலேயே வசதியான நாற்காலி எதுவென்று பார்த்து, மேலாளருடையதில் உட்கார்ந்தார்.

"இந்தப் பக்கங்கள்ல கை வைக்கிற அதிகாரம் யாருக்கு?"

"எனக்கும் மேலாளர் சாருக்கும்தான் மேடம்" என்றாள் போர்டம்மா.

"வீட்டுல இருந்தே மாத்தலாமா?"

"முடியாது மேடம். இங்க வந்துதான் மாத்தணும்."

"சரி, கூடவே இருங்க. எனக்கு இந்த டிவி சமாச்சாரம் ஒண்ணும் புரியாது."

முதலில் மேலாளர்.

"நேத்து இந்த அறைக்கு வந்தீங்களா?"

"ஏழு மணிக்கு வந்தேன் மேடம். நன்கொடை குடுக்கறவங்க வந்திருந்தாங்க, சுத்திக் காட்டினேன். சுவர் பூரா பச்சை. ஒரு மஞ்சள்கூட இல்ல. அசந்து போயிட்டாங்க."

"ஆபரேட்டர் அப்போ எங்க?"

"ஆக்சிஜன் குழாயைப் பார்க்கப் போயிருந்தாரு."

"ராத்திரி அவர் தூங்கினதை யாராவது பார்த்தாங்களா?"

"பார்க்கணுமா மேடம்? அதான் சுவரே சொல்லுதே!"

அடுத்தது அத்தான். உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"எத்தனை மணிக்கு டூட்டிக்கு வந்தீங்க?"

"ஆறு மணிக்குங்க."

"வந்ததும் என்ன செஞ்சீங்க?"

"எப்பவும் போல டீதான். படுக்கைப் பக்கம் ஓடும்போது ஊத்துவேன். அடுத்தது குளிர் அறை. அதைப் பார்த்துட்டுத்தான் முதல் வாய். நேத்து மஞ்சளா இருந்துச்சு. அந்த அறையைக் குளிர வைக்கிற கம்ப்ரசர் ரொம்ப நாளா மூச்சு வாங்குதுங்க. மாத்தணும்னு சார்கிட்ட சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

"அப்புறம்?"

"ஆக்சிஜன் குழாய்ல கசிவு. விடிய விடிய அங்கயும் இங்கயும் ஓட்டம். வரும்போதெல்லாம் சுவரைப் பார்த்தேன். சிவப்பு இல்ல."

"குளிர் அறைப் பக்கம் பச்சையா வந்துச்சா?"

அத்தான் திணறினார். "பச்சைன்னு... சிவப்பு இல்லைங்க. நாங்க சிவப்பைத்தானே மேடம் தேடுவோம்?"

போர்டம்மாவின் கைப்பேசி அதிர்ந்தது. அக்கா. அவள் எடுக்கவில்லை. எடுத்தால் என்ன சொல்வது? மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

அத்தானை வெளியே அனுப்பிவிட்டு ஆய்வாளர் அவள் பக்கம் திரும்பினார்.

"படுக்கைக்கு அடுத்தது குளிர் அறைன்னாரு. அந்த வரிசையை நம்பித்தான் தினமும் டீ குடிக்கிறாரு. நான் வந்ததுல இருந்து பார்க்கறேன், இங்க அது கடைசியில வருது. மறைச்ச பக்கத்தைத் திரும்பத் திறந்தா எங்க போய் நிக்கும்?"

"...கடைசியில மேடம்."

"மேலாளர் வர்றதுக்கு முன்னாடியே சிவப்பு ஓடிட்டிருந்துச்சுன்னு மருந்தாளர் சொல்றாரு. அப்போ திறந்தது யாரு?"

அவ்வளவுதான். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "நான்தான் மேடம். மறைச்சதும் நான்தான். நேத்து அஞ்சு மணி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்துல கை பட்டிருச்சு. அத்தானை விட்டுருங்க."

ஆய்வாளர் தலையை ஆட்டினார். "திறந்தது நீங்க. மறைச்சது நீங்க இல்ல. அஞ்சு மணிக்கு நீங்க பஸ் ஏறியாச்சு. ஆறு மணிக்கு உங்க அத்தான் அந்தப் பக்கத்தை மஞ்சளாப் பார்த்திருக்காரு. நீங்க மறைச்சிருந்தா எப்படிம்மா பார்த்திருப்பாரு? உங்க முன்னாடி நின்னுதானே சொன்னாரு. நீங்க அவர் பேச்சையே கேக்கல."

உண்மைதான். அத்தான் பேசியபோது அவள் காதில் விழுந்ததெல்லாம் தன் நெஞ்சின் படபடப்புதான்.

மேலாளரை மறுபடி கூப்பிட்டார்கள்.

"ஆறு மணிக்கு மஞ்சள். கம்ப்ரசரை யாரும் தொடல. ஏழு மணிக்கு ஒரு மஞ்சள்கூட இல்லன்னு நீங்களே சொன்னீங்க. எப்படி? பக்கமே சுவர்ல இல்ல. பணம் குடுக்க வந்தவங்க முன்னாடி மஞ்சள் தெரிஞ்சா கம்ப்ரசர் கதை வெளிய வந்திரும்னு மறைச்சீங்க. திரும்பத் திறக்க மறந்துட்டீங்க."

"இந்தப் பொண்ணுக்கும்தான் அதிகாரம் இருக்கு!"

"அந்தப் பொண்ணு அப்போ வீட்டுல. காலையில யாரோ திறந்து வெச்சிருந்ததைப் பார்த்தீங்க. நல்லதாப் போச்சுன்னு பழியைத் தூக்கி அந்த மனுஷன் தலையில போட்டுட்டீங்க."

மேலாளர் உட்கார இடம் தேடினார். அவருடைய நாற்காலியில் ஆய்வாளர் இருந்தார்.

போகும்போது ஆய்வாளர் போர்டம்மாவிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நீங்கதான் செஞ்சீங்கன்னு முழுசா நம்பிக்கிட்டே அவரை நிக்க வெச்சீங்க. அதுக்கு என்கிட்ட சட்டம் எதுவும் இல்ல."

நடையில் அத்தான் போனில் பேசிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. அவளைக் கண்டதும், "இதோ வந்துட்டா! உன் தங்கச்சி மட்டும் இல்லன்னா நான் இன்னிக்கு உள்ள போயிருப்பேன். கூடவே இருந்து அந்த மேடத்துக்கு எல்லாத்தையும் புரிய வெச்சிருக்கா" என்று அக்காவிடம் சொன்னார்.

"இல்ல அத்தான்" என்றாள் அவள். "காலையில அந்தப் பக்கத்தைத் திறந்து வெச்சது நான். நான்தான் மறைச்சுட்டேன்னு நினைச்சேன். நினைச்சுக்கிட்டே வாயை மூடிட்டு நின்னேன்."

போனில் அக்கா ஏதோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். அத்தான் இணைப்பைத் துண்டித்தார்.

"நான் தூங்கியிருப்பேன்னு நினைச்சியாம்மா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால்கூட அவர் மன்னித்திருப்பார்.

"இல்ல அத்தான்" என்றாள். "நீங்க தூங்கலன்னு எனக்குத் தெரியும்."