ஒன்பதாவது வரி

1993, புரட்டாசி சனிக்கிழமை. காலை 8.10.

சேலையூரில் டாக்டர் யக்ஞநாராயணன் நடத்திய நர்சிங் ஹோமின் மாடியில், பத்தாம் நம்பர் கட்டிலில் குப்பன் செத்துக்கிடந்தார். பல்லாவரம் தோல் ஷெட்டில் கூலி வேலை பார்த்தவர். காய்ச்சல் என்று முந்தின நாள் மாலைதான் சேர்ந்திருந்தார். ஏழு மணிக்கு நர்ஸ் தபீதாள் போட்ட இன்சுலின் ஊசி ஆளை முடித்துவிட்டது. அவருக்குச் சர்க்கரை வியாதியே கிடையாது.

சப்-இன்ஸ்பெக்டர் ஏகநாதன் கேட்டதற்கு, தபீதாள் மருந்துச் சீட்டை நீட்டினாள்.

"பத்தாம் பெட்டுக்கு இன்சுலின்னு இருக்கு பாருங்க சார். புது பேஷண்ட். டாக்டர் பாத்துதான் எழுதியிருப்பார்னு போட்டேன்."

"நான் எழுதலை," என்றார் டாக்டர். "நேத்து ராத்திரி கம்ப்யூட்டர்ல காய்ச்சல் மருந்து மட்டும்தான் அடிச்சேன். ஆபீஸ் ரூமையும் பூட்டிட்டேன்."

அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்பு. கட்டில் வரிசைப்படி, ஒரு வரிக்கு ஒரு நோயாளியின் மருந்து. காலையில் அதைப் படித்துக் கட்டில் நம்பரோடு சீட்டு அடித்துத் தரும். ஆறு மணிக்கு அறையைத் திறந்து சுவிட்ச் போடுவது, பெருக்க வரும் சரசு.

"நான் கையே வெக்கல சார்," என்றாள் சரசு. "சுச்சு போட்டேன், பச்சை எழுத்து தானா ஓடிச்சு. அதுல என்னமோ கீது சார்!"

மேலதிகாரி போனில் ஒரே வாக்கியம் சொன்னார்: சாயங்காலத்துக்குள் நர்ஸை உள்ளே தள்ளு.

பகல் 11.30.

ஏகநாதன் ஆறு மாதமாகத் தாம்பரத்தில் கம்ப்யூட்டர் கிளாஸ் போகிறவர். 'லத்தி பிடிக்கிற கைக்கு இது எதுக்கு?' என்று ஸ்டேஷனில் கேலி. அந்தக் கைதான் இப்போது கோப்பைத் திறந்தது.

கடைசியாக மாற்றப்பட்ட நேரம், காலை 6.02. தபீதாள் வேலைக்கு வந்ததோ 6.45. வரிகளில் பெயரோ கட்டில் நம்பரோ இல்லை, மருந்து மட்டும்தான். எட்டாவது வரியில் குறைந்த அளவு இன்சுலின். ஒன்பதாவது வரியிலும் இன்சுலின், பல மடங்கு.

ஒன்பதாவது வரியைத் தன் கையாலேயே அழித்தார். காய்ச்சல் மருந்தை அடித்துச் சேமித்தார். மெஷினை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

பச்சை எழுத்துகள் தாமாக ஓடி நின்றன. கோப்பைத் திறந்தார். ஒன்பதாவது வரியில் மறுபடியும் இன்சுலின்.

பூட்டிய அறையில் அவரைத் தவிர ஈ காக்கை இல்லை. பேய் பிசாசை நம்பாத மனிதர்தான். ஆனாலும் பயந்துவிட்டார், நாற்காலியை இரண்டடி பின்னுக்குத் தள்ளிக்கொண்டார்.

பயம் தெளிந்ததும் தேடினார், கிடைத்தது. மெஷின் விழித்ததும் தானாக ஓடும் குட்டி நிரல் ஒன்று. கோப்பை வரி வரியாகப் படிக்கும். ஒன்பது எண்ணியதும் அந்த வரியை மட்டும் மாற்றும். மற்றவற்றை இருந்தபடியே திருப்பி எழுதும்.

சரி, கூலிக்காரர் குப்பனை யார் கொல்வார்கள்?

மாடிக்குப் போய்க் கட்டில்களை ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. அடுத்தது ஒன்பது. அதில் நாமம் போட்டுக்கொண்டு முனிரத்தினம் படுத்திருந்தார், ராஜகீழ்ப்பாக்கத்து நிலக்காரர்.

"உங்களுக்குச் சர்க்கரையா?"

"பத்து வருஷமா. ஆனாலும் புரட்டாசி சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் பச்சத்தண்ணி பல்லுல படாது. டாக்டர் திட்டிகினே ஊசியைக் கம்மி பண்ணாரு. தம்பி மவனுக்கு எழுதின உயிலை மாத்தி, திங்கக்கெழம நெலத்தைப் பொண்ணு பேர்ல எழுதணும் சார், அதுவரைக்கும் பெருமாள் உசுரோட வெச்சா போதும்."

பிற்பகல் 2.40.

ஆபீஸ் அறையில் எல்லோரும் இருந்தார்கள். கடைசியாக வந்தவன் ஜெயவேலு, முனிரத்தினத்தின் தம்பி மகன். வெள்ளிக்கிழமை மதியம் கம்ப்யூட்டரைச் சர்வீஸ் செய்துவிட்டுப் போனவன்.

"பெரியப்பாவைப் பாத்தீங்களா?"

"பேச்சு வார்த்தை இல்லை சார். மாடி ஏறினதே இல்லை."

"எந்தக் கட்டில்னாவது தெரியுமா?"

"ஒம்போதுன்னு பெரியம்மா போன்ல சொன்னாங்க."

"அப்ப அவர் மருந்து கோப்புல எத்தனாவது வரி?"

"இதென்ன சார் கேள்வி?" ஜெயவேலு சிரித்தான். "ஒம்போதாவதுதான்."

டாக்டர் எழுந்துவிட்டார். "எட்டு ராசியில்லைன்னு அந்தக் கட்டில்ல யாரும் படுக்க மாட்டேன்னாங்க. அதனால எட்டுன்னு நம்பரே போடலையே! ஒம்போதாம் பெட்டு எட்டாவது வரிப்பா."

"வார்டுல காலை வெச்ச எல்லாருக்கும் அது தெரியும்," என்றார் ஏகநாதன். "தபீதாளுக்குத் தெரியும், சரசுக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் நீதான். வீட்டுலேயே எழுதி ஃபிளாப்பியில கொண்டு வந்தே. திங்கக்கிழமை நிலம் கைமாறுறதுக்கு முன்னாடி, விரதத்துல வயிறு காஞ்சிருக்கிற சர்க்கரைக்காரர் செத்தா யாருக்கும் சந்தேகம் வராதுன்னு கணக்கு. அவசரத்துல கோப்பைத் திறந்துகூடப் பாக்கலை. நீ எண்ணின ஒம்போது, பத்தாம் கட்டில் குப்பன்."

ஜெயவேலுவின் சிரிப்பு செத்தது. அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

வாசலில் குப்பனின் மனைவி பேபி. காலையிலிருந்து, புருஷனுக்கு யார் பகையாளி என்று யோசித்து யோசித்து ஓய்ந்திருந்தாள். ஏகநாதன் நடந்ததைச் சொன்னார்.

"அப்ப எங்க ஊட்டுக்காரர் மேல யாருக்கும் கோவம் இல்லியா சார்?"

"இல்லம்மா."

"அவரு இங்க கீறாருன்னே அந்த ஆளுக்குத் தெரியாதா?"

தெரியாது என்று ஏகநாதன் தலையை ஆட்டினார். அப்போதுதான் பேபி வாய்விட்டு அழுதாள்.

நீ போகலாம் என்று தபீதாளிடம் சொல்லியாகிவிட்டது. அவள் போகவில்லை. பேபியின் பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்து, "ஊசி போட்டது நான்தான்க்கா," என்றாள்.