பத்து மீட்டருக்குக் கீழே

மதியத்திலிருந்து மணி அடிக்கவேயில்லை. வழக்கமாக டெலிவரி கம்பெனியின் அந்த அறையில் அவள் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு இரண்டு தடவையாவது காதைக் குத்தும் சத்தம் அது. பார்சல் கொண்டுபோகும் டிரோன் ஏதாவது ஒரு மொட்டைமாடிக்கு மேலே நின்றுகொண்டு, கீழே என்னவோ அசைகிறதே, அது என்ன என்று கேட்கிற சத்தம். அசைகிற பொருளைச் சுற்றித் திரையில் மஞ்சள் கட்டம் விழும். பக்கத்தில் மூன்று பொத்தான்கள்: மனிதர், விலங்கு, துணி. அவள் ஏதாவது ஒன்றை அழுத்தினால்தான் அது மேற்கொண்டு என்ன செய்வதென்று முடிவெடுக்கும்.

ஏதாவது ஒன்று என்ன, எல்லோரும் துணியைத்தான் அழுத்துவார்கள். 'மனிதர்' என்று சொன்னால் அந்த ஆள் விலகும்வரை டிரோன் மேலேயே நிற்கும், பேட்டரி தீரும், பார்சலோடு திரும்பி வரும், சூப்பர்வைசர் ஊரைக் கூட்டுவார். 'துணி' என்றால் வேலை முடிந்தது. மாடியில் நிற்கிறவருக்கும் கண் காது இருக்கிறதல்லவா, தலைக்கு மேலே அவ்வளவு இரைச்சல் வந்தால் நகர மாட்டாரா? ஒன்றரை வருஷமாக நகர்ந்துகொண்டுதான் இருந்தார்கள்.

போன வாரம் மெக்கானிக் ஒவ்வொரு டிரோனுக்கும் அடியில் ஒரு வளையம் மாட்டினார். கொடிக்கயிறும் காயப்போட்ட போர்வையும் சிக்கி வாரத்துக்கு நாலு டிரோன் விழுந்துகொண்டிருந்தது. இன்றைக்கு மதியத்திலிருந்து துணி என்று தெரிந்தால் வளையத்துக்குள் கத்தி சுழலும், வெட்டி வழி செய்துகொண்டு இறங்கும். கிழிந்த போர்வைக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம் என்று கம்பெனி முடிவு செய்திருந்தது. "கயிறு என்னம்மா, ஆட்டுத்தொடையே நறுக்குனு போயிடும்" என்று மெக்கானிக் பெருமைப்பட்டபோது முதலில் சிரித்தவள் அவள்தான்.

மணி ஏன் அடிக்கவில்லை என்று பக்கத்து சீட் அக்காவிடம் கேட்டாள். இத்தனை நாள் நாம் சொன்ன பதில்களைப் படித்துப் படித்து அது தேறிவிட்டதாம், இன்றைக்கு மதியத்திலிருந்து நம்மைக் கேட்காமல் தானே முடிவெடுக்குமாம், சூப்பர்வைசர் சொன்னார் என்று அக்கா காலை நீட்டிக்கொண்டார். விட்டது தொல்லை என்று அவருக்குச் சந்தோஷம்.

அவளுக்கு என்னவோ சந்தோஷம் வரவில்லை. ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏசியின் முனகலும், சூடேறிய வயரின் வாசனையும், எட்டுத் திரைகளின் நீல வெளிச்சமும் அன்றைக்கு முதல் முறையாக அவளைச் சுற்றி நெருங்கி உட்கார்ந்திருப்பது போலத் தோன்றியது. பார்சலை இறக்கியதும் டிரோன் ஒரு படம் எடுத்து அனுப்பும். வாடிக்கையாளர் மாடியில் போட்டுவைத்த வெள்ளைச் சதுர விரிப்பு, அதன் நடுவில் பெட்டி, அவ்வளவுதான் படம். மூன்றே முக்காலுக்கு வந்த படத்தில் விரிப்பின் ஓரத்தில் நாலு விரல்களும் இருந்தன. யாரோ பெட்டியை எடுக்கக் கை நீட்டுகிறார் என்று நினைத்தாள். பிறகு பெரிதாக்கிப் பார்த்தாள்.

விரல்களுக்குப் பின்னால் கை இல்லை.

அடுத்த படத்தில் விரிப்பு முழுக்க ஈரம். மழை என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொள்ளப் பார்த்தாள். மழை இன்னும் வரவில்லை, இருட்டிக்கொண்டுதான் இருந்தது, அதனால்தான் தெருவெல்லாம் மாடிக்கு ஏறித் துணி எடுத்துக்கொண்டிருக்கிறது என்பது எல்லாத் திரையிலும் தெரிந்தது. மாடிக்கு மாடி ஆட்கள். ஆளுக்கு ஆள் மஞ்சள் கட்டம். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் ஒரே சொல்.

சூப்பர்வைசரை அழைத்து வரச் சொல்லி அக்காவை விரட்டிவிட்டு, அடுத்து இறங்கவேண்டிய பார்சல்களின் பட்டியலைப் பார்த்தாள். முப்பத்தொன்றாம் டிரோன். மகளுக்காக அவள் வாங்கிய மழைக்கோட்டு. அவள் வீட்டு முகவரி.

வீட்டில் இன்றைக்கு லீவில் கணவன். பள்ளி விட்டு வந்திருக்கும் மகள். அவனைப் போனில் கூப்பிட்டாள்.

"என்ன மேடம், ஆபீஸ் நேரத்துல புருஷன் ஞாபகம்?"

அவன் குரலுக்குப் பின்னால் காற்று அடித்தது.

"எங்க இருக்கீங்க?"

"மாடியில. மழை வருதுல்ல, துணி எடுத்துட்டிருக்கேன்."

"அப்படியே போட்டுட்டு உள்ள போங்க. கதவைச் சாத்துங்க."

"இரு, பார்சல் தலைக்கு மேல வந்துடுச்சு. உன் திரையில நான் தெரியிறேனா?"

தெரிந்தான். தோளில் போர்வையோடு, அண்ணாந்து, எப்போதும் செய்வது போல இரண்டு கைகளையும் ஆட்டினான். மஞ்சள் கட்டம் அவனைச் சுற்றி விழுந்தது. துணி.

'மனிதர்' பொத்தான் மங்கிக் கிடந்தது. அழுத்தினாள். அழுத்தினாள். திரும்பி வரச் சொல்லும் பொத்தானை அடித்தாள். உயரம் ஒன்பதரை மீட்டர் என்றது திரை. பத்து மீட்டருக்குக் கீழே திரும்ப அழைக்க முடியாது. அடியில் தொங்கும் பார்சல் ஊசலாடி யார் வீட்டு ஜன்னலையாவது உடைத்துவிடும் என்பதற்காக வைத்த விதி.

"ஓடுங்க!"

அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். கத்தி சுழலத் தொடங்கிய சத்தம் போனில் முதலில் வந்தது. ஆட்டிய கைகள் முதலில் போயின. பிறகு அவன் கத்தினான். பிறகு கத்தல் பாதியில் ஈரமான சத்தமாக மாறியது. கேமராவில் சிவப்புத் துளிகள். டிரோன் அதைத் துடைத்துக்கொண்டது.

அவன் விரிப்பின் மேல் விழுந்தான். போன் பக்கத்தில் விழுந்தது.

விரிப்பில் இடம் இல்லை என்றது திரை. துணி அகற்றப்படுகிறது.

டிரோன் எழும்பியது. இறங்கியது. எழும்பியது. இறங்கியது. ஒவ்வொரு முறையும் விரிப்பின் வெள்ளை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அவள் இரண்டு கைகளாலும் திரையை அறைந்துகொண்டே போனில் அலறினாள். அவன் பெயரைச் சொல்லி, கடவுளைச் சொல்லி, என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் அலறினாள்.

மாடிக் கதவு திறந்தது.

பள்ளிச் சீருடையில் மகள். சிதறிக் கிடந்தது அப்பா என்று அவளுக்குப் புரியவில்லை. விரிப்பின் ஓரத்தில் கிடந்த போனிலிருந்து அம்மாவின் குரல் வருவதைத்தான் கேட்டாள்.

"அம்மா? ஏன் அழற?"

"வராத! உள்ள போ! உள்ள..."

குரல் வந்த இடத்தை நோக்கிக் குழந்தை வேகமாக நடந்து வந்தது. விரிப்பில் ஏறி, போனை எடுக்கக் குனிந்தது. அதைச் சுற்றி ஒரு சின்ன மஞ்சள் கட்டம் விழுந்தது.